கேக்குதா தேன்மொழி?

பயப்படாம உக்காருங்கண்ணே. கடிக்காது. குழாய்தான்.

ஆமா, மைக்செட் குழாய். பாக்கத்தான் பெருசு, வெயிட்டு கம்மி. இந்த ஓரத்தை மட்டும் உங்க மடிப்பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக்கிறேன். கால் நீட்ட எடம் பத்துதா? கீழ இருக்கிறது ஆம்ப்ளிஃபயரு. அது மேல கால் பட்டிராம பாத்துக்கங்க, நமக்குச் சோறு போடுற சாமி. கண்டக்டர் தம்பி குழாயை மேல டாப்புல போடுங்கிறாரு. உம் பொஞ்சாதியை டாப்புல போட்டுத்தான் கூட்டிட்டுப் போவியான்னு கேட்டேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே, இந்த பஸ்ஸு இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. விசேஷமா? விசேஷமெல்லாம் இல்ல. எம் மக ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிக்குது. அதுக்குத்தான் கொண்டுபோறேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. அருப்புக்கோட்டைல ஏறுனதுலேருந்து இந்த பஸ்ஸே சிரிக்குது. வெவரத்தைக் கேட்டுட்டுச் சிரிங்க.

எம் பேரு காளிராசு. எங்க சுத்துப்பட்டுல மைக்செட் காளின்னா கைப்புள்ளைக்கும் தெரியும். தேன்மொழி ஒலி ஒளி அமைப்பு. தேன்மொழிங்கிறது எம் மகதான். அது பொறந்த மாசந்தான் இந்தக் குழாயை வாங்குனேன். ராசியான குழாய்ண்ணே. இதுக்கப்புறம் எத்தனையோ பொட்டி, எத்தனையோ ஸ்பீக்கர் வாங்கிட்டேன். ஆனா எந்த வேலைன்னாலும் மொதல்ல இதைக் கட்டிட்டுத்தான் மத்தது.

புள்ள தொட்டில்ல தூங்கவே தூங்காது. அவுக ஆத்தா தாலாட்டிப் பாத்தா, ஆட்டிப் பாத்தா, தொண்டை வத்திப் போச்சு. ஒரு கல்யாண வீட்டுல ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னாடி துண்டை விரிச்சுப் போட்டேன். பாட்டு அதிருது, பந்தலே ஆடுது, புள்ள கொறட்டை விடுது! பாட்டை நிறுத்துனா எந்திரிச்சு அழுகும். வளந்த பெறகும் அப்படித்தான். ஊருல எந்த விசேஷம்னாலும் ஆம்ப்ளிஃபயர் பொட்டிமேல நோட்டை வச்சுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதும். பன்னெண்டாம் வாய்ப்பாட்டை அது மனப்பாடம் பண்ணுனதே எங்க ஊரு முளைப்பாரி அன்னைக்கு, குலவைச் சத்தத்துக்கு நடுவுல.

இன்னொண்ணு சொல்லணும். மத்த மைக்செட்காரன் எல்லாம் 'ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ'ம்பாய்ங்கள்ல? நான் சொல்ல மாட்டேன். ஒன் டூ த்ரீக்கு யாரு பதில் சொல்லப் போறா? நான் குழாயைக் கட்டி, வயரைக் குடுத்து, மைக்கைப் புடிச்சு, 'தேன்மொழி, அப்பா பேசுறேன், கேக்குதா?'ம்பேன். கோயில் எங்கயோ இருக்கு, வீடு எங்கயோ இருக்கு. புள்ள வீட்டுல இருந்து வாசப் பல்பைப் போட்டுப் போட்டு அணைக்கும். பல்பு எரிஞ்சா குழாய் சரியாத் திரும்பியிருக்குன்னு அர்த்தம். ஊரே அந்தப் பல்பைத்தான் பாக்கும். 'காளி மகளுக்குக் கேட்டிருச்சுப்பா, சாமி பாட்டைப் போடு'ன்னு பெருசுக சொல்லும். பள்ளிக்கூடம் சேக்குறதுக்கு முன்னாடி இருந்தே நாற்காலி மேல ஏறி சுவிச்சைப் போடும்னா பாத்துக்கங்க. தொழில்ல எனக்கு அவ்வளவு ஒத்தாசை.

பய புள்ள நல்லாப் படிக்கும்ணே. காலாண்டுப் பரீட்சைல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. ஆடி, ஆவணின்னு ஊரே அலறிக்கிட்டிருந்த நேரம் அது. காது கேக்காதவங்களைச் சோதிச்சு மிஷின் மாட்டி விடுறதுக்குன்னு ஒரு காலேஜுப் படிப்பு இருக்காம்ல? எடம் கம்மியாம், மார்க்கு நெறைய வேணுமாம். படிச்சா அதத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. நர்ஸுக்குப் படி, டீச்சருக்குப் படின்னு எல்லாரும் சொல்லியாச்சு. ம்ஹூம். எதுக்கு இதைப் போய்ப் புடிச்சுச்சுன்னு எனக்கு விளங்கவே இல்ல. நம்ம வீட்டுல காது கேக்காதவங்க யாரு இருக்கா?

என்னண்ணே? இன்னொரு தடவை சொல்லுங்க. ஆங்? அதான் சொன்னேன்ல, பஸ்ஸு இரைச்சல்.

சரி, கதைக்கு வாரேன். தை மாசம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களை எல்லாம் வரச் சொன்னாக. பெரிய வாத்தியார் எந்திரிச்சு, 'பொதுத்தேர்வு வருது, வீட்டுல புள்ளைகளுக்கு அமைதியான சூழ்நிலை வேணும், டிவி, செல்லு, ஒலிபெருக்கிச் சத்தம் எதுவும் கூடாது'ன்னாரு. ஒலிபெருக்கின்னதும் அம்புட்டுச் சனமும் திரும்பி என்னையப் பாத்துச்சு. எம் பொஞ்சாதியும் பாத்தா. அவ பாத்தது வேற பார்வை.

அவ பேரு பேச்சியம்மா. பேருதான் பேச்சியம்மா! அன்னைக்கோட வீட்டுல பேச்சே நின்னு போச்சுண்ணே. மொதல்ல டிவி போச்சு. அப்புறம் அவ கொலுசைக் கழட்டுனா. குக்கர் விசில் வரப்போற நேரம் பாத்து அடுப்பை அணைச்சிருவா. மாசம் பூராம் வேகாத பருப்பு. சேவல் ஒண்ணு இருந்துச்சு, கூவுன குத்தத்துக்கு ஞாயித்துக்கெழமை கொழம்பாயிருச்சு. அது கூவித்தான் புள்ள வெள்ளன எந்திரிச்சுப் படிக்கும்கிறது கறியைத் தின்னு கையைக் கழுவுன பெறகுதான் எங்களுக்கு நெனப்பு வருது.

எனக்குச் சோறு வேணும்னா வயித்தைத் தட்டணும். தண்ணின்னா கட்டை வெரலு. நானும் அவளும் சண்டை போடாத மாசம்னு கல்யாணமானதுலேருந்து ஒண்ணு இருந்துச்சுன்னா அது அந்த மாசந்தான்னு சொல்லலாம்னு பாத்தா, கையாலயே வைவாண்ணே! பத்து வெரலும் வைய்யும். நான் திருப்பி வைய முடியாது, என் கையில தட்டு இருக்கும்.

அடுத்த தெருவுல ஒரு பெருசு போய்ச் சேந்திருச்சு. துட்டிக்குப் போன பேச்சியம்மா பொம்பளைகளோட உக்காந்து கட்டிப்புடிச்சு அழுதுட்டு, 'யக்கா, கொஞ்சம் மெதுவா அழுங்கக்கா, புள்ள படிக்குது'ன்னிட்டா! அவுகளும் நல்ல சனம். முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாக. செத்தவருக்கே சந்தேகம் வந்திருக்கும், நாம செத்தமா இல்லையான்னு.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? மாசியில எங்க குலசாமிக்கு ரெண்டு நாப் படையல். வழக்கமா ஆலமரத்து உச்சியில ஊரப் பாத்துத்தான் குழாய் கட்டுவேன். இந்தத் தடவை எல்லாத்தையும் கண்மாய்ப் பக்கமாத் திருப்பிட்டேன். மறுநாள் காலைல கண்மாய்க்கு அங்கிட்டு ஊருக்காரய்ங்க வேன் புடிச்சு வந்துட்டாய்ங்க. 'ஏப்பா காளி, ஒங்க ஊருலதான் புள்ளைக படிக்குதா, எங்க ஊருல என்ன கழுதையா படிக்குது?'ன்னு ஒரே சத்தம். ஸ்ஸ்னு வாயில வெரலை வச்சேன். அப்பத்தான் அடிக்க வந்தாய்ங்க.

அவய்ங்க போன பெறகு சவுண்டையும் கொறைச்சேன். கொறைக்கக் கொறைக்க சாமியாடிக்குச் சாமி வரல. உக்காந்து உக்காந்து பாத்தாரு, கொட்டாவிதான் வந்துச்சு. கடைசில எப்படியோ வந்து, நேரா எங்கிட்ட வந்து, 'என்னடா, சத்தமே இல்ல?'ன்னு கேட்டுச்சு. கையைக் கட்டிக்கிட்டு, 'சாமி, புள்ளைக்குப் பரீட்சை'ன்னேன். சாமி கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. 'அப்பச் சரி'ன்னு துன்னூறு பூசிட்டு அங்கிட்டுப் போயிருச்சு. சாமிக்கே புரிஞ்சிருச்சு பாத்தீங்களா?

அந்தப் படையலுக்கு மைக் டெஸ்டிங்கையும் மாத்திட்டேன். பேரைச் சொன்னா புள்ள படிப்பை விட்டுட்டு எந்திரிச்சு சுவிச்சைப் போட ஓடணும்ல? அதனால ஒன் டூன்னு வாய்க்குள்ளயே சொல்லி முடிச்சுட்டேன். பழக்கதோசம், வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்குறேன், பல்பு எரியுது! எரிஞ்சு அணையுது, எரிஞ்சு அணையுது. நான் கூப்பிடவே இல்லண்ணே. ரொம்ப நேரம் அப்படியே எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுச்சு. வயரிங்ல கோளாறு போலன்னு மறுநாளே ஆளைக் கூட்டியாந்து அந்தப் பல்பைக் கழட்டிட்டேன். பரீட்சை நேரத்துல கரண்டு விசயத்துல வெளையாடக் கூடாது.

நடுவுல நடுவுல புள்ள, 'அப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னு வந்து நிக்கும். நான் விடுவேனா? 'ஸ்ஸ், பேசுனா படிச்சதெல்லாம் வெளிய போயிரும், போய்ப் படி தாயி'ன்னு அனுப்பிருவேன். ஒரு நா எழுதிக் காட்டப் போகுதுன்னு பேனாவைத் தூக்குச்சு. பேனா மை பரீட்சைக்கு இருக்கட்டும்னேன். அந்த அளவுக்குப் புள்ளையப் பாத்துக்கிட்டோம்ணே. பெருமைக்குச் சொல்லல.

ஆனா என்னாச்சு தெரியுமா? ரிவிஷன் பரீட்சைல மார்க்கு விழுந்து போச்சு. மொத மார்க்கு எடுத்த புள்ள, பிசிக்ஸுல தடவித் தடவிப் பாஸ் பண்ணியிருக்கு. டீச்சரம்மா போன் போட்டு, 'வீட்டுல ஏதும் பிரச்சனையாங்க?'ன்னு கேட்டாக. 'ஒரு சத்தமும் இல்லைங்க டீச்சர்'னேன். பிள்ளையார் புடிக்கக் குரங்காப் போச்சே. இந்த மார்க்கு எடுத்தா அது ஆசைப்பட்ட படிப்புக்கு வாசப்படி கூட மிதிக்க முடியாது. மூலைல உக்காந்து அழுதுச்சு. அதுவும் சத்தமில்லாம. அதைப் பாக்க முடியலண்ணே எனக்கு.

பேச்சியம்மாளும் நானும் கொல்லைல நின்னு கையாலயே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வீட்டுல இன்னும் எங்கயோ சத்தம் இருக்கு! அதான் புள்ளைக்கு ஓடல!

மதுரைல எங் கொழுந்தியா இருக்கா. ஊருக்கு வெளிய புதுசா எந்திரிச்ச காலனி. சகலை நாகேந்திரன் பேங்குல இருக்காரு, புள்ளகுட்டி இல்ல, நடந்தாக்கூடச் செருப்புச் சத்தம் வராது. அந்தக் காலனில காக்கா கூட உத்தரவு கேட்டுட்டுத்தான் கரையும். ஸ்டடி லீவு விட்டதும் புள்ளையைக் கொண்டுபோய் அங்க விட்டேன். நான் ஊருக்குத் திரும்ப பஸ் ஏறப் போகும்போது சட்டையப் புடிச்சுக்கிட்டு, 'அப்பா...'ன்னுச்சு. 'ஸ்ஸ்'னுட்டு ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்தா எனக்குச் சோறு எறங்கல. இப்பச் சத்தம் போடலாம்ல? யாரும் போடல. பேச்சியம்மா கொலுசை மாட்டவே இல்ல. குழாயைத் தொடைச்சுத் தொடைச்சு வச்சேன். ரெண்டு கல்யாண ஆர்டர் வந்துச்சு, மைக்கை வாய்கிட்டக் கொண்டுபோனா என்ன சொல்றதுன்னே தெரியல. ஒன் டூ த்ரீன்னுட்டு வந்துட்டேன். வெக்கமாப் போச்சு.

இங்கிட்டு இப்படின்னா, அங்கிட்டு சகலை போன் போடுறாரு. 'உங்க பொண்ணு தினமும் சாயங்காலம் காணாமப் போயிடுது, எங்க போகுதுன்னே தெரியல.' எனக்குத் தலையே சுத்திருச்சு. வயசுப் புள்ள, ஊரு புது ஊரு. அவரு பின்னாடியே போய்ப் பாத்திருக்காரு. காலனி முக்குல ஒரு கல்யாண மண்டபம். அங்க மைக்செட்காரன் பொட்டிமேல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, பிசிக்ஸ் புஸ்தகத்தை விரிச்சு வச்சு, கணக்காப் போட்டுத் தள்ளிக்கிட்டிருக்காம்! பாட்டு காதைக் கிழிக்குதாம். சகலை ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, 'என்னம்மா இது?'ன்னாராம். 'இருங்க சித்தப்பா, இந்தக் கணக்கை முடிச்சிட்டு வாறேன்'னுச்சாம். அதோட விட்டுச்சா? அந்த மைக்செட்காரன்கிட்ட, 'அண்ணே, ஒங்க குழாய் செவத்தைப் பாத்துப் பேசுது, கொஞ்சம் திருப்புங்க'ன்னுச்சாம்! திருப்புன பெறகுதான் கணீர்னு கேட்டுச்சாம். யாரு மக!

அன்னைக்குத்தான் புள்ள போன்ல முழுசாப் பேசுச்சு, ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம். நான் ஸ்ஸ்னு சொல்ல வாயெடுத்தேன், பேச்சியம்மா என் வாயைப் பொத்திட்டா. 'அப்பா, எனக்குச் சத்தமில்லாம படிக்க வரலப்பா. காது அடைச்ச மாதிரி இருக்கு. நீ எங்க இருக்கேன்னே தெரிய மாட்டேங்குது. ஒரு தடவை வந்து பேசிட்டுப் போப்பா'ன்னுச்சு. பேச்சியம்மா அழுகுறா. எனக்கு நொடியில வெளங்கிருச்சுண்ணே. தொழில்காரன்ல? மண்டபத்துல விசேஷம் இல்லாத அன்னைக்குப் புள்ளைக்குச் சவுண்டு இல்ல. ஒரு செட்டு வேணும்!

அதான் கெளம்பிட்டேன். சகலை வீட்டு மொட்டை மாடில இதைக் கட்டப் போறேன். சகலைகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா மயங்கி விழுந்துருவாரு, கட்டிட்டுச் சொல்லிக்கலாம். நீங்க மதுரைப் பக்கந்தான? அந்தக் காலனிக்காரங்க போலீஸுக்குப் போவாங்களா, இல்ல பேசி முடிக்கிற ஆளுகளா?

பேச்சியம்மாகிட்டயும் சொல்லல. குழாயை ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்னுட்டேன். இவ்வளவு நல்ல குழாயை ரிப்பேர்னு சொல்ல எனக்கு வாய் கூசுச்சு. அவ நம்பிட்டா. நம்புனதோட நிக்காம, ரிப்பேர்காரருக்குக் குடுங்கன்னு ஒரு தூக்குவாளி அதிரசம் சுட்டுக் குடுத்துவிட்டிருக்கா! இந்தா இருக்கு பாருங்க. பரீட்சைக்குத் துன்னூறும் மடிச்சு வச்சிருக்கா. ரிப்பேர்காரருக்கு எதுக்குத் துன்னூறுன்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கல. ஆனா தேன்மொழிக்கு அதிரசம்னா உசுரு. அதனால ரிப்பேர்காரருக்குக் குடுத்ததாச் சொல்லிட்டு நைசாப் புள்ளைக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன். நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க. எடுங்கண்ணே, அவளுக்குத் தெரியவா போகுது.

இருங்க, செல்லு அடிக்குது. அடிக்குதுல்ல? நடுங்குது, அப்ப அடிக்கத்தான் செய்யும். தேன்மொழிதான்!

ஆங், தாயி! வந்துக்கிட்டே இருக்கேன்! குழாயும் கொண்டாறேன், ஆம்ப்ளிஃபயரு, மைக்கு, அம்புட்டும்! என்னது? கேக்கல! எது? இருத்தா, ஸ்பீக்கர்ல போடுறேன்.

என்ன சொல்லுச்சுண்ணே? கட்டாயிருச்சு. நீங்க கேட்டீங்கள்ல, சொல்லுங்க. 'குழாயெல்லாம் வேணாம், நீ வந்தாப் போதும்'னா? அப்படியா சொல்லுச்சு? சரியாத்தான் கேட்டீங்களா? பஸ்ஸு இரைச்சல்ல ஒங்களுக்கும் சரியா விழுந்திருக்காது. அதோட சின்னப்புள்ளைக்கு என்னண்ணே தெரியும்? பெரிய வீடு, மாடி வேற. மைக் இல்லாம வெறும் வாயில பேசுனா அதுக்கு எப்படிக் கேக்கும்?

கண்டக்டர் தம்பி, காலனி ஸ்டாப்பு! கோவத்துல தாண்டிக் கொண்டுபோய் விட்டுராதப்பா! அண்ணே, அந்த வயரை மட்டும் எடுத்து என் தோள்ல போடுங்க. அதிரசம் எங்க? கையில இருக்கு. பாத்து, குழாய் ஒங்க மூக்குல இடிக்கப் போகுது.

யாத்தே! அந்தா நிக்குது பாருங்கண்ணே, ஸ்டாப்புலயே நிக்குது! அந்த நீலச் சுடிதாரு, கையில புஸ்தகத்தோட. எளச்சுப் போச்சே எம் புள்ள. நம்ம பஸ்ஸுன்னு தெரியலயே, அங்கிட்டுப் பாக்குது. கொஞ்சம் ஜன்னலை விடுங்க, தலையை நீட்டிக்கிறேன்.

தேன்மொழீ! அப்பா பேசுறேன்! கேக்குதா?

பாத்தீங்களா! திரும்பிருச்சு! செல்லுல டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைக்குது பாருங்க, பட்டப்பகல்ல! சிரிக்குதுண்ணே, ரெண்டு மாசமாச் சிரிக்காத புள்ள! ஏய், டிரைவரண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க, கேட்டிருச்சு!

இன்னும் வயரு கூடக் குடுக்கல, ஆம்ப்ளிஃபயரை இன்னும் திறக்கவே இல்ல, அதுக்குள்ள கேட்டிருச்சு பாத்தீங்களா? நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்ல, இது ராசியான குழாய்ண்ணே!